முக்காலியை ஊன்றுவதற்கு முன்

ஐக்கிய அரபு அமீரகத்தில், லிவாவுக்குத் தெற்கே ருப் அல் காலி பாலைவனத்தின் விளிம்பில் நில அளவையாளராகப் பணியாற்றிய நாட்களில், கருவியைப் பெட்டியிலிருந்து எடுப்பதற்கு முன்பே சுற்றியுள்ள மணலைப் பார்த்துவிடும் பழக்கம் எனக்கு வந்துவிட்டது. வெயில் சாய்வாக விழும் அதிகாலையில்தான் தடங்கள் தெளிவாகத் தெரியும். வண்டுகளின் புள்ளிவரிசைகளுக்கும் ஜெர்போவா எலிகளின் தாவல்களுக்கும் நடுவே, ஒன்றையொன்று தொடாத சாய்கோடுகள், ஒரு முனையில் கொக்கிபோல் வளைந்து, வரிசையாகச் செல்லும். அவை அரேபியக் கொம்பு விரியன் இரவில் கடந்துபோன வழி.

எங்கள் வாகன ஓட்டியான உள்ளூர்ப் பெரியவர் அதை ‘உம்மு ஜுனைப்’ என்பார். பக்கவாட்டில் செல்வதால் வந்த பெயர். உடலின் ஓரிரு பகுதிகளை மட்டும் மணலில் ஊன்றி, மற்றதைத் தூக்கி முன்னே வைத்துச் செல்வதால், சரியும் மணலிலும் அதற்குப் பிடிமானம் கிடைக்கிறது.

ஒருநாள் அளவைக் கருவியைத் தாங்கும் முக்காலியின் மூன்றாவது காலை இறக்கப்போன இடத்தில், ஒரு புதரின் நிழலோரம், மணல் மெல்ல நடுங்கியது. பாம்பு முன்னே நகரவில்லை. விலா எலும்புகளை விரித்து உடலைத் தட்டையாக்கி, பக்கச் செதில்களின் ரம்பம் போன்ற விளிம்புகளால் மணலை இருபுறமும் தள்ளித் தன்மேல் போட்டுக்கொண்டு, இருந்த இடத்திலேயே அமிழ்ந்தது. சற்று நேரத்தில் எஞ்சியவை இரு கண்களும், அவற்றுக்கு மேல் முள்போன்ற கொம்புகளும் மட்டுமே. வெளிச்சத்தில் கண்மணிகள் செங்குத்தான கோடுகளாகச் சுருங்கியிருந்தன. (இவ்வினத்தில் கொம்பில்லாதவையும் உண்டு, ஆகவே கொம்பை மட்டும் நம்பி அடையாளம் காணக்கூடாது.)

கண்டால் அடித்துவிடுங்கள் என்பதே முகாமில் எங்களுக்குச் சொல்லப்பட்டிருந்தது. அது தவறு என்று அன்றே உறுதியாக எண்ணினேன். நஞ்சுள்ளதுதான், ஆனால் பல்லியும் எலியும் அருகில் வரும்வரை புதைந்து காத்திருந்து பிழைக்கும் உயிர் அது, மனிதரைத் துரத்துவதில்லை. அதற்கு வேண்டியது இளகிய மணலும், வளைகள் நிறைந்த புதரோரமும். எங்கள் வாகனங்கள் நாள்தோறும் அழுத்தி இறுக்கியதும் அதே புதரோரங்களைத்தான். பாதைக்காகச் சமப்படுத்திய பகுதியில் அந்தச் சாய்கோடுகளை நான் மீண்டும் காணவே இல்லை.

அன்று அளவைப் புள்ளியைக் குறிக்கும் முளையை ஆறு மீட்டர் தள்ளி அடித்து, புதிய ஆயத்தொலைவுகளைக் குறித்து, மாற்றத்துக்கான காரணம் என்ற கட்டத்தில் ‘விரியனின் இருப்பிடம்’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.