தகரக் கூரையின் கீழ் கைலி மினோக்

டென்சன் என்ற சொல்லை நாங்கள் ஒரு நாளில் எத்தனை முறை சொல்கிறோம் என்று நான் எண்ணிப் பார்த்ததில்லை. பரீட்சை என்றால் டென்சன், மின்கட்டணப் பட்டியல் வந்தால் டென்சன், கொழும்பிலிருந்து வரும் பஸ் ஹபரணையில் அரைமணி நேரம் நின்றுவிட்டால் அதுவும் டென்சன். அவுஸ்திரேலியப் பாடகி கைலி மினோக்கின் புதிய ஆட்டப் பாட்டுத் தொகுப்புக்கும் அதுதான் பெயர் என்று நான் சொன்னபோது, முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்த சின்னம்மா கையிலிருந்த காம்பைக் கீழே வைத்துவிட்டு, "ஆடுறதுக்குப் போடுற பாட்டுக்கு ஏன் பிள்ளை இந்தப் பேர்?" என்று கேட்டார். ஆங்கிலத்தில் அச்சொல்லுக்கு விறைப்பு, இழுவிசை என்றெல்லாம் பொருள் உண்டு என்றும், இரண்டு பேர் ஒருவரையொருவர் விரும்பியும் வாய் திறந்து சொல்லாமல் இருக்கும் நிலையையும் அது குறிக்கும் என்றும் விளக்கினேன். "அதுவும் டென்சன்தான்" என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் இலை ஆயத் தொடங்கினார்.

தொகுப்பு 2023 செப்டெம்பர் 22ஆம் திகதி வெளியானது. பதினொரு பாடல்கள். பிரித்தானியப் பட்டியலில் நேரே முதலிடத்தில் போய் நின்றது. அங்கே முதலிடம் பிடித்த அவருடைய ஒன்பதாவது தொகுப்பு இது. 1987இல் அவுஸ்திரேலியாவில் தொலைக்காட்சி நாடக நடிகையாக இருந்தபடியே பாட வந்தவருக்கு இத்தொகுப்பு வந்தபோது வயது 55. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு திருகோணமலைக்கும் கொழும்புக்கும் இடையில் இரவு வான்கள் ஓடத் தொடங்கிய நாட்களில், அவருடைய "லா லா லா" பாட்டைக் கேட்காமல் தம்புள்ளையைத் தாண்டியவர்கள் குறைவு. பாடகியின் பெயர் எங்களில் பலருக்குத் தெரியாது. பாட்டு தெரியும்.

அது வெளியான பின் வந்த இரண்டு வாரங்களில் இத்தொகுப்பைப் பற்றி என்னைச் சுற்றியுள்ளவர்கள் சொன்னவற்றைக் கவனித்துக்கொண்டு வந்தேன். எல்லாருடைய கருத்தும் கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை பாட்டைப் பற்றியவையாக இல்லை என்பது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

திருகோணமலை டச்பே கடற்கரையில் மாலை நடைக்கு வரும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் எங்கள் குடும்பத்துக்கு நெருக்கமானவர். தொகுப்பின் முதற் பாட்டான 'படம் படம்' என்பதைக் கேட்டுவிட்டு, பொருள் இல்லாத ஒரு சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு ஒரு பாட்டு எதற்கு என்று அவர் கேட்டார். இதே சொல்லை வைத்து 1951இல் எடித் பியாஃப் பிரெஞ்சில் ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார் என்பதையும், அதற்கு முன்னால் இது நிற்காது என்பதையும் அவரே சேர்த்துச் சொன்னார். நான் அவரிடம் மெதுவாக, "சேர், நெஞ்சு படபடவென்று அடிக்கிறது என்று நாங்கள் சொல்வதில்லையா?" என்று கேட்டேன். இங்கேயும் அந்தச் சொல் இதயம் அடிக்கும் ஓசையைத்தான் குறிக்கிறது. படபட என்பதைப் பிரித்துத் தனிச் சொல்லாக்கினால் பொருள் தராது என்று எட்டாம் வகுப்பிலேயே இரட்டைக்கிளவிப் பாடத்தில் படித்துவிட்டோம். அதற்காக அதைப் பொருளற்றது என்று எந்தத் தமிழாசிரியரும் தள்ளியதில்லை. உண்மையைச் சொன்னால், மொழிபெயர்ப்பே வேண்டாமல் இந்தப் பாட்டு ஒரு தமிழ்க் காதுக்குள் புகுந்துவிடுகிறது. சேர் சிரித்தார். ஆனால் ஐம்பத்தைந்து வயதில் ஒரு பெண் இரவு விடுதியைப் பற்றிப் பாடுவது தனக்கு ஒட்டவில்லை என்று அடுத்த மூச்சில் சொன்னார். இலக்கணம் பேசிய அரைமணி நேரமும் அவர் மனத்தில் இருந்தது இதுதான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

அக்காவின் மகள் உயர்தரம் படிக்கிறாள். அவளுக்கு வயது ஒரு பொருட்டே இல்லை. அவளுடைய குறை, பாட்டு பழசாகிவிட்டது என்பது. மே மாதமே டிக்டொக்கில் ஓடி முடிந்த பாட்டை முதலில் வைத்துக்கொண்டு செப்டெம்பரில் ஒரு தொகுப்பு வந்தால் யார் கேட்பார்கள் என்கிறாள். மற்றப் பத்துப் பாட்டையும் கேட்டாயா என்றால், ஒவ்வொன்றிலும் இருபது விநாடி கேட்டதாகச் சொல்கிறாள். இருபது விநாடியில் ஒரு பாட்டை அளந்துவிடலாம் என்ற அவளுடைய நம்பிக்கை எனக்குப் பொறாமையாகத்தான் இருக்கிறது.

இந்த வயதுக் கணக்கு எங்கள் ஊருக்கு மட்டும் உரியதென்று நினைத்துவிடக் கூடாது. 'படம் படம்' வெளியானபோது, பதினைந்து முதல் இருபத்தொன்பது வயது வரையானவர்களுக்காக நடத்தப்படும் பிபிசியின் 'ரேடியோ 1' வானொலி அதைத் தன் பட்டியலில் உடனே சேர்க்கவில்லை. இளைஞர்கள் அந்தப் பாட்டுக்கு இணையத்தில் ஆடிக்கொண்டிருந்த அதே நாட்களில், இளைஞர்களுக்கான வானொலி தயங்கி நின்றது. கேள்வி எழுந்தது; பிறகு சேர்த்துக்கொண்டார்கள். பாட்டு பிரித்தானியாவில் எட்டாம் இடம் வரை போனது. கேட்பவருக்கு வயதில்லை, ஆனால் கேட்க வைப்பவருக்கு வயதுக் கணக்கு இருக்கிறது என்பதை நான் வேறு எங்கும் இவ்வளவு துலக்கமாகக் கண்டதில்லை.

சேரிடம் நான் சொல்லத் துணியாத ஒன்றை இங்கே எழுதிவிடுகிறேன். 2023 ஓகஸ்ட் மாதம் 'ஜெயிலர்' வந்தபோது, 72 வயது ரஜினிகாந்த் 'காவாலா' பாட்டில் வந்து நின்று இரண்டு அடி எடுத்து வைத்ததற்கு இந்த ஊரில் விசிலடிக்காதவர் யார்? உப்புவெளி ஹோட்டல்களிலும், ஓட்டோக்களிலும், பிறந்தநாள் வீடுகளிலும் அந்தப் பாட்டுத்தான். வயதுக்கு ஒட்டவில்லை என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. நானும் விசிலடித்தவர்களில் ஒருத்திதான். எனக்கு விசில் சரியாக வராது என்பது வேறு விடயம்.

சின்னம்மாவுக்கு அறுபத்தெட்டு வயது. எழுபதுகளில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பாடிய பொப் பாடல்களுக்குக் கல்யாண வீடுகளில் ஆடிய தலைமுறை அவருடையது. துள்ளிசை என்ற சொல் இன்றும் அவர் வாயில் இயல்பாக வரும். இந்த வயதுப் பேச்சை அவரிடம் சொன்னபோது, எல்.ஆர். ஈஸ்வரி 'ஒஸ்தி' படத்தில் 'கலாசலா' பாடியபோது அவருக்கு எத்தனை வயது என்று தேடிப் பார்க்கச் சொன்னார். தேடினேன். ஈஸ்வரி பிறந்தது 1939 டிசம்பரில். படம் வந்தது 2011 டிசம்பரில். எழுபத்திரண்டு. பத்திரகாளி அம்மன் கோயில் ஒலிபெருக்கியில் விடியற்காலையில் எங்களை எழுப்பும் அதே குரல்தான், ஆட வைக்கும் பாட்டிலும் அப்படியே கணீரென்று நிற்கிறது. "குரலுக்கு எங்க பிள்ளை நரை விழுது?" என்றார் சின்னம்மா. இதைச் சொல்லும்வரை அவர் கைலியின் ஒரு பாட்டைக்கூடக் கேட்டிருக்கவில்லை என்பதையும் நான் நேர்மையாகக் குறிப்பிட வேண்டும். கேட்ட பிறகு அவர் சொன்னது வேறு: "இது மெல்லிசான குரல். ஈஸ்வரியின்ர மாதிரித் தொண்டை இல்லை."

அதுவும் சரிதான். கைலியின் குரல் என்றுமே பெரிய குரலாக இருந்ததில்லை. மூக்கோடு ஒட்டிய, ஒடுங்கிய, சற்றே சிறுபிள்ளைத்தனமான குரல். ஆனால் அதை எங்கே வைக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 2020 ஊரடங்கின்போது வீட்டிலேயே ஒலிப்பதிவு செய்யக் கற்றுக்கொண்டு, அந்த ஆண்டு வந்த 'டிஸ்கோ' தொகுப்புக்கான குரற்பதிவுகளில் பெரும்பகுதியைத் தானே பதிவு செய்தவர் அவர். அந்தத் தொகுப்போடு, அடுத்தடுத்த ஐந்து பத்தாண்டுகளிலும் பிரித்தானியாவில் முதலிடம் பிடித்த முதற் பெண் பாடகி ஆனார். தன் குரலைத் தானே ஆயிரம் முறை திருப்பிக் கேட்டு வெட்டி ஒட்டிய ஒருவருடைய நிதானம் இந்தப் புதிய பாடல்களிலும் கேட்கிறது.

என் கருத்தையும் சொல்ல வேண்டும். முதலில் நானும் இதைத் தொலைபேசியில்தான் கேட்டேன், சமையலறையில், பிரஷர் குக்கர் சத்தத்துக்கு நடுவில். தலைப்புப் பாட்டான 'டென்சன்' எனக்கு அறவே பிடிக்கவில்லை. குரலை இயந்திரத்தில் போட்டு நசுக்கி, தன் பெயரையே விக்கல் போலத் திரும்பத் திரும்பச் சொல்கிறார். இது என்ன கூத்து என்று நிறுத்திவிட்டேன். ஆசிரியருக்கும் அக்காவின் மகளுக்கும் எனக்கும் இடையில் அப்போது பெரிய வேறுபாடு ஒன்றும் இல்லை.

என் தம்பி அலஸ்தோட்டத்தில் ஒலிபெருக்கிச் சாமான்கள் வாடகைக்கு விடுகிறான். ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஹோட்டல் விருந்துகளுக்கும் கல்யாணங்களுக்கும் ஓடித் திரிந்த பெட்டிகள் எல்லாம், சீசன் முடிந்து இப்போது கொட்டகையில் அடுக்கிக் கிடக்கின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் அவற்றைச் சரிபார்ப்பதற்காக வெளியே எடுத்தான். நான் தொகுப்பைப் பற்றிக் குறை சொன்னதைக் கேட்டுவிட்டு, எதில் கேட்டாய் என்றுதான் முதலில் கேட்டான். தொலைபேசி என்றதும் தலையில் கை வைத்தான். ஆட்டப் பாட்டில் காலை அசைக்கும் அடி ஐம்பது, அறுபது ஹேர்ட்ஸ் என்ற மிகத் தாழ்ந்த ஒலியில் கிடக்கிறது. தொலைபேசியில் உள்ள பொட்டளவு ஒலிபெருக்கியால் அந்த ஒலியைத் தரவே முடியாது. ஆகவே நீ கேட்டது பாட்டின் மேற்பாதியை மட்டும் என்றான். குழம்பை விட்டுவிட்டு மேலே மிதக்கும் கறிவேப்பிலையை மட்டும் தின்றுபார்த்து உப்புச் சொன்ன மாதிரி என்றும் சொன்னான். தம்பிக்கு எல்லாவற்றையும் சாப்பாட்டில் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கம் உண்டு.

பதினெட்டு அங்குலப் பெட்டிகள் இரண்டு. சின்னம்மா கதிரையில், கையில் பிளேன்ரீயோடு. அக்காவின் மகள், சுருட்டி வைத்திருந்த வயர்க் குவியலின்மேல், தொலைபேசியைப் பார்த்தபடி. 'படம் படம்' தொடங்கியது. தம்பியின் மடிக்கணினித் திரையில் 128 என்ற எண் தெரிந்தது. நிமிடத்துக்கு அத்தனை அடி. சும்மா இருக்கும் நெஞ்சு எழுபது, எண்பது முறை அடிக்கும். மாடிப்படியில் ஓடி ஏறியவனின் நெஞ்சுதான் இந்தக் கணக்கில் அடிக்கும். அடி விழும்போதெல்லாம் பெட்டியின் கறுப்புக் கூம்பு ஒரு விரற்கடை முன்னே வந்து உள்ளே போனது. கூரையில் ஆணி கழன்றிருந்த ஒரு தகரம் அதே கணக்கில் அடிக்கத் தொடங்கியது. சின்னம்மா தேநீர்க் கோப்பையைக் கதிரைக் கையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். அக்காவின் மகள் தலையை நிமிர்த்தவில்லை. ஆனால் அவளுடைய செருப்பு ஆடியது.

நான்காவதாக 'டென்சன்' வந்தபோது, நான் தொலைபேசியில் கேட்டது இதைத்தானா என்று எனக்கே ஐயமாகிவிட்டது. தொண்ணூறுகளின் ஆட்டக்கூடத்துப் பியானோ அழுத்தமாக இறங்கி நிற்க, அதன்மேல் அந்த நசுக்கிய குரல் ஒரு வேடிக்கையாக, தன்னைத் தானே கேலி செய்துகொள்வதாக மாறிவிட்டது. சமையலறையில் எனக்கு எரிச்சல் தந்த அந்த விக்கல், இங்கே தாளத்தின் இடைவெளியை நிரப்பும் உருமிச் சத்தம் போல ஒரு வேலையைச் செய்துகொண்டிருந்தது.

எல்லாம் அப்படி இல்லை. 'ஹேண்ட்ஸ்' பாட்டில் அவர் வேகமாகப் பேசிப் பாட முயல்வது எந்தப் பெட்டியில் போட்டாலும் இரவல் சட்டை போலத்தான் இருக்கிறது. 'வேகாஸ் ஹை' வெறும் ஆரவாரம்; தம்பியே ஒலியைக் குறைத்துவிட்டான். ஒல்லாந்து நாட்டு ஒலிவர் ஹெல்டன்ஸோடு சேர்ந்து செய்த பத்தாவது பாட்டு வந்தது, போனது. தொகுப்பின் பின்பாதி முன்பாதியைவிட மெலிந்தது என்பதில் கொட்டகையில் இருந்த நால்வருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கடைசிப் பாட்டான 'ஸ்டோரி'யில் மட்டும் குரலுக்குக் கொஞ்சம் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவது, 'திங்ஸ் வீ டூ ஃபோர் லவ்'. எண்பதுகளின் திரைப்பட முடிவில் காரை வேகமாக ஓட்டிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி முன்னோக்கித் தள்ளிக்கொண்டே போகும் ஒரு பாட்டு. பல்லவி வருமுன்னரே வரப்போகிறது என்று உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது. இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது சின்னம்மா ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாட்டு முடிந்ததும் தம்பியைப் பார்த்து, "இவள் மூச்சு எடுக்கிற இடம் தெரியுதோ? அடிக்கு முன்னால எடுக்கிறாள், பின்னால இல்லை. அதாலதான் இழுத்துக்கொண்டு போகுது" என்றார். கூத்தும் கொட்டும் பார்த்து வளர்ந்த காது. நான் படித்த பத்திரிகை விமரிசனம் எதிலும் இந்த ஒரு வரி இல்லை.

ஆசிரியரையும் ஒரு நாள் கொட்டகைக்கு அழைத்துவர வேண்டும் என்று தம்பியிடம் சொல்லியிருக்கிறேன். அவருக்குக் காது சற்று மந்தம். பெட்டிக்கு அருகில் கதிரை போடலாம் என்கிறான். நவம்பர் மழை தொடங்கிவிட்டால் கொட்டகைக்குள் தண்ணீர் வரும், அதற்கு முன் செய்ய வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணியானதும் பக்கத்து வீட்டு அம்மா வேலிக்கு அப்பால் வந்து நின்றார். சத்தத்தைக் குறைக்கச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று தம்பி ஒலியைத் தாழ்த்தினான். கூரையில் அந்தத் தகரம் அடிக்கிற சத்தம்தான் தனக்குத் தலையிடியாக இருக்கிறது, முதலில் அதற்கு ஓர் ஆணி அடி தம்பி, பாட்டு இருக்கட்டும் என்றார். தம்பி ஏணி எடுக்கப் போனான். அவன் இறங்கி வரும்வரை, மூன்றாவது பாட்டை இன்னொருதரம் போடும்படி சின்னம்மா அக்காவின் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.