மீன் குடலும் என் முதுமாணி ஆய்வும்

திருகோணமலையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதுகிறேன். மீன் வெட்டுகிற இடத்தைத் தாண்டித்தான் அலுவலகத்துக்குள் போக வேண்டும். சூரை நிறைய வருகிற நாட்களில் பத்து மணிக்குள் தலை, முள், குடல் எல்லாம் சேர்ந்து ஒரு குவியலாகிவிடும். பின்னேரம் கரையில் கிடங்கு வெட்டிப் புதைப்பார்கள், இல்லாவிட்டால் திரும்பவும் கடலுக்கே போகும். நான் பிறந்து வளர்ந்த கடல் அது. பார்க்கப் பார்க்க மனது கேட்கவில்லை.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடை செய்யப்பட்டது. நவம்பரில் தடையை நீக்கினார்கள், ஆனால் யூரியா கைக்கெட்டாத விலைக்குப் போயிருந்தது. நிலாவெளிப் பக்கத்தில் வெங்காயம் செய்கிறவர்கள் உரத்துக்கு அலைந்தார்கள். நான் அப்போது வெளியூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் வணிக நிருவாக முதுமாணி படித்துக்கொண்டிருந்தேன். மீன் கழிவிலிருந்து திரவ உரம், அதற்குச் சந்தை உண்டா என்பதையே ஆய்வுத் தலைப்பாக எடுத்தேன்.

மேற்பார்வையாளர் மிஸ் முன்மொழிவை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "இந்தத் தண்ணிக்குள்ள என்ன இருக்கெண்டு தெரியாம இதை எப்படி விலை சொல்லுவீங்க?" அப்படித்தான் உயிரியல் பக்கத்திலிருந்து ஒரு சேர் இரண்டாவது மேற்பார்வையாளராக வந்தார். மிஸ், யார் வாங்குவார்கள், எவ்வளவு செலவு என்று கேட்பார். சேர், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு மாதிரி எங்கே, எத்தனை முறை திருப்பிச் செய்தீர்கள் என்று கேட்பார். ஒருவருக்காகத் திருத்தினால் மற்றவருக்குப் பிடிக்காது. முன்மொழிவை மூன்று முறை எழுதினேன். இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேசியிருந்தால் ஒரு முறை போதும். இப்படி இரண்டு துறைக்கு நடுவில் ஆய்வு செய்யப் போகிறவர்கள் அதை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள்.

இனிப் பரல் கதை. முறை பழையதுதான். கழிவை நறுக்கி, நூறு கிலோவுக்கு மூன்றரைக் கிலோ என்ற கணக்கில் போர்மிக் அமிலம் கலந்தால் பி.எச். (புளிப்பைக் காட்டுகிற எண்; குறையக் குறையப் புளிப்புக் கூடும்) நான்குக்குக் கீழே இறங்கிவிடும். அழுக வைக்கிற பக்டீரியா அந்தப் புளிப்பில் வளராது. மீன் தானாகவே கரைந்து குழம்பாகும். கேகாலைப் பக்கத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கப் பாவிக்கிற அதே அமிலம்தான். தோலில் பட்டால் சுடும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் மூடியைத் திறக்கக் கூடாது. இரும்பையும் அரித்துவிடும் என்பதால் நீல பிளாஸ்டிக் பரல் வாங்கினேன்.

மீன் வெட்டுகிற நானா கிண்ணியாக்காரர். "நானா, தலையும் முள்ளும் மட்டும் தாங்க, குடல் வேண்டாம்" என்றேன். குடல்தான் நாறும், அதை விட்டால் சுத்தமாக இருக்கும் என்பது என் எண்ணம். பத்து நாள் தினமும் மரக்கட்டையால் கிளறினேன். மூடியைத் திறந்தால் சூரைத் தலைகள் போட்டபடியே கிடந்தன. கண் மட்டும் வெளுத்திருந்தது. நாற்றம் இல்லை, கரையவும் இல்லை.

சேரிடம் தொலைபேசியில் சொன்னேன். "குடலைப் போட்டீங்களா?" என்றார். மீனைக் கரைப்பது அமிலம் அல்ல. மீனின் குடலில் இருக்கிற நொதியங்கள்தான் தசையைக் கரைக்கின்றன. அமிலம் அவை வேலை செய்து முடிக்கும் வரை அழுகலைத் தடுத்து நிற்கிறது, அவ்வளவுதான். நான் வேண்டாம் என்று ஒதுக்கியதுதான் முழு வேலையையும் செய்கிற பகுதி. அடுத்த நாள் நானாவிடம் குடலையும் கேட்டேன். "அதைத்தானே தங்கச்சி முதல்லயே தந்தேன்" என்றார். இந்த முறை ஐந்தாம் நாளே பரலுக்குள் கபில நிறக் குழம்பு. மேலே மெல்லிய எண்ணெய்ப் படலம், அடியில் முள்.

ஒப்பிடுவதற்காக இரண்டாவது பரலில் அமிலத்துக்குப் பதிலாகச் சர்க்கரையும் கிண்ணியாத் தயிரும் போட்டேன். தயிரில் இருக்கிற பக்டீரியா சர்க்கரையைத் தின்று தானே புளிப்பை உண்டாக்கும். நல்லாகவே வந்தது, ஆனால் 2022இல் சர்க்கரை விற்ற விலைக்குக் கணக்குக் கட்டவில்லை. கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலை ஓடிக்கொண்டிருந்தால், சர்க்கரைக்குப் பதிலாகப் போடக்கூடிய மொலாசஸ் (சீனி எடுத்த பிறகு மிஞ்சுகிற பாகு) பக்கத்திலேயே மலிவாகக் கிடைத்திருக்கும் என்று அந்த அத்தியாயத்தை எழுதும்போது பலமுறை நினைத்தேன்.

உரத்தில் பயிருக்கு முக்கியமானது நைட்ரஜன். அதை அளக்கக் கெல்டால் முறை. 1883இல் டென்மார்க்கில் ஒரு பியர் ஆலையின் ஆய்வுகூடத்தில், தானியத்தில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று பார்ப்பதற்காகக் கண்டுபிடித்த முறை. வியாபாரத்தின் தேவையிலிருந்து பிறந்த வேதியியல் என்பதால் எனக்கு அது மிகவும் பிடித்துப்போனது. மாதிரியில் இருக்கிற நைட்ரஜன் அமோனியாவாகி வந்து சேரச் சேரக் குடுவையில் இளஞ்சிவப்பு நீர் பச்சையாக மாறும். பிறகு அமிலத்தைத் துளித்துளியாக விட்டுத் திரும்பவும் இளஞ்சிவப்புக்குக் கொண்டுவர வேண்டும். கடைசித் துளிக்கு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த காலம் அது. சூடேற்றி முடிவதற்குள் மின்சாரம் போய் ஒரு தொகுதி மாதிரி முழுவதும் வீணானது. மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

யூரியாவில் 46 சதவீதம் நைட்ரஜன். எங்கள் திரவம் அதற்குப் பக்கத்திலும் வரவில்லை. யூரியாவுக்குப் பதிலாக இது என்று எழுதியிருந்த வரிகளை எல்லாம் வெட்டி, யூரியாவோடு சேர்த்துத் தெளிக்க ஒரு துணை என்று மாற்றினேன். வலித்தது, ஆனாலும் அளந்து வந்த எண்ணை மறைக்க மனம் வரவில்லை.

அப்புறம் விவசாயிகள். முதலில் ஒப்புதல் படிவம். கையெழுத்து என்றதும் பலர் பின்வாங்கினார்கள். நுண்கடனுக்குக் கையெழுத்துப் போட்டுப் பட்ட அனுபவம் இங்கே பல வீடுகளில் உண்டு. வாய்மொழி ஒப்புதல், பக்கத்தில் ஒரு சாட்சி என்று நெறிமுறைக் குழுவிடம் கேட்டு அனுமதி வாங்கினேன்.

"இந்த உரம் விற்பனைக்கு வந்தால் வாங்குவீர்களா?" என்பது என் கேள்வி. கேட்ட எல்லோரும் ஓம் என்றார்கள். சந்தோஷத்தில் மிஸ்ஸுக்கு அனுப்பினேன். எல்லோரும் ஓம் என்றால் கேள்வியில்தான் பிழை என்று எழுதியிருந்தார். திரும்பப் போனபோது ஒரு ஐயா உண்மையைச் சொன்னார்: "பிள்ளை இந்த வெயிலுக்க வந்து கேக்குது, இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?"

சரி, விற்றுப் பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. 1988ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க உர ஒழுங்குபடுத்தல் சட்டத்தின்படி உரம் விற்க அனுமதி வேண்டும். அதனால் வேறு வழி செய்தோம். ஒவ்வொருவருக்கும் ஒரு போத்தல் இலவசமாகக் கொடுத்தோம். இன்னும் வேண்டுமென்றால் சங்கத்துக்கு வந்து எடுக்கலாம் என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்தோம். பெட்ரோலுக்கு வரிசையில் நிற்கிற நாட்களில் ஒருவர் நிலாவெளியிலிருந்து வருகிறார் என்றால் அதற்கு ஒரு விலை இருக்கிறது.

ஓம் சொன்னவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்கள் யாரும் போத்தல் கேட்கவில்லை. கான் கொண்டுவந்திருந்தார்கள், ஒருவர் பழைய எண்ணெய்க் கலனைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் செலவுப் பட்டியலைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். உள்ளே இருக்கிற திரவத்தைவிட வெற்றுப் போத்தலுக்கும் லேபலுக்கும்தான் கூடுதல் செலவு. கலனில் ஊற்றிக் கொடுப்பது என்ற முறை அந்தச் சைக்கிளைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. ஆய்வில் நான் மனதாரப் பெருமைப்படுகிற பகுதி அதுதான்.

வாய்மொழிப் பரீட்சை முக்கால் மணி நேரம். சிறு திருத்தங்களோடு ஏற்றுக்கொண்டார்கள்.

உர அனுமதிக்கான விண்ணப்பத்தைச் சங்கத்தின் பெயரில் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். கழிவு புதைக்கிற கிடங்கு இன்னும் இருக்கிறது, ஆனால் தினமும் வெட்டுவதில்லை. இன்று காலை கதவைத் திறப்பதற்குள் நானா கூப்பிட்டார். "பரல் காலியா தங்கச்சி? இண்டைக்குச் சூரை நிறைய."