பவர் சப்ளையை மறந்துவிடாதீர்கள்

கேமிங் கம்ப்யூட்டர் என்றதும் எல்லோருக்கும் முதலில் கிராபிக்ஸ் கார்டுதான் நினைவுக்கு வரும். நானும் புதுக் கார்டு வாங்கி, கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பழைய பவர் சப்ளையே போதும் என்று விட்டுவிட்டேன். விளையாட்டு சூடுபிடிக்கும் நேரத்தில் கம்ப்யூட்டர் பட்டென்று அணைந்துவிடும். இரண்டு வாரம் டிரைவரை (கார்டை இயக்கும் மென்பொருளை) மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கடைசியில் பார்த்தால் காரணம் பவர் சப்ளைதான். கார்டு சில மில்லிசெகண்டுகளுக்கு வழக்கத்தைவிட மிக அதிகமாக மின்சாரம் இழுக்கும். அதைத் தாங்க முடியாத பவர் சப்ளை, பாதுகாப்புக்காகத் தன்னை நிறுத்திக்கொள்ளும். பவர் சப்ளையில் இருக்கும் '80 பிளஸ்' முத்திரை மின்சாரம் எவ்வளவு குறைவாக வீணாகிறது என்பதைத்தான் சொல்லும், இந்தத் திடீர் இழுப்பைத் தாங்குமா என்பதை அல்ல.

அப்புறம் ரேம் (கம்ப்யூட்டரின் தற்காலிக நினைவகம்): ஒரே 16 ஜிபி ஸ்டிக்கைவிட 8 ஜிபி ஸ்டிக் இரண்டாக வாங்குங்கள். நான்கு ரேம் ஸ்லாட் உள்ள பெரும்பாலான மதர்போர்டுகளில், பிராசஸர் பக்கமிருந்து எண்ணி 2, 4-இல் செருக வேண்டும்.