மலிவு ஃபார்ஸ்ட்னர் பிட்டும் பர்மாத் தேக்கும்

ரங்கூன் இரும்புக்கடையில் மரப்பெட்டிக்குள் வரிசையாக அடுக்கிய பதினாறு உருப்படி ஃபார்ஸ்ட்னர் பிட் செட்டை, அதாவது மரத்தில் வட்டக் குழி போடும் டிரில் முனைகளைப் பார்த்தால் கை தானாக நீளும். வாங்க வேண்டாம். அதில் பாதி அளவுகள் பெட்டியை விட்டு வெளியே வருவதே இல்லை. அந்தக் காசை 15, 20, 25, 35 மி.மீ. என்று நாலே நாலு பிட்டில் போடுங்கள். வீட்டு மரச்சாமான் வேலையில் பெரும்பகுதி இந்த நாலுக்குள் அடங்கிவிடும்.

ஃபார்ஸ்ட்னர் பிட்டின் அருமை அதன் விளிம்பில் இருக்கிறது. மற்ற பிட்டுகள் நடுமுனையைப் பிடித்துக்கொண்டு சுழலும். இது சுற்று விளிம்பையே தடமாக்கி இறங்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் துப்பாக்கி செய்துகொண்டிருந்த பெஞ்சமின் ஃபார்ஸ்ட்னர் 1874-இல் காப்புரிமை பெற்றது இந்த யோசனைக்குத்தான். அதனால் பலகை ஓரத்தில் பாதிக் குழி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் குழி, சாய்ந்த குழி எல்லாம் வழுக்காமல் போடலாம். குழியின் அடியும் தட்டையாக வரும்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியதும் அந்த விளிம்புதான். பிட்டை வெளிச்சத்துக்கு எதிரே கிடையாகப் பிடியுங்கள். விளிம்பு, உள்ளே இருக்கும் இரண்டு வெட்டுப் பற்களைவிட மயிரிழை முன்னால் நிற்க வேண்டும். அதுதான் முதலில் நாரை அறுக்கும், பற்கள் பிறகு சீவி எடுக்கும். பற்கள் முந்திக்கொண்டால் குழியின் வாய் பிய்ந்துவிடும். ஒரு பல் உயரமாகவும் மற்றது தாழ்வாகவும் இருந்தால் எல்லா வேலையும் ஒரே பல்லில் விழும், பிட் அதிரும். அடுத்து, தண்டைக் கண்ணாடி மேசை ஓரத்தில் வைத்து, தலை வெளியே தொங்கும்படி உருட்டுங்கள். முனை வட்டமடித்தால் தண்டு கோணல். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

உலோகம் எது என்று கேட்காமல் வாங்காதீர்கள். மிக மலிவானவை சாதாரணக் கார்பன் ஸ்டீல். சூடேறி விளிம்பு நீலம் பாய்ந்தால் பதம் போயிற்று, மறுபடி தீட்டினாலும் நிற்காது. தேக்கில் சிலிக்கா உண்டு. கண்ணுக்குத் தெரியாத மணல்போல அது பிட்டின் கூர்மையைத் தின்கிறது. பியின்கடோ என்ற பர்மா மரம், கேரளத்தில் இருள் என்கிற அதே இனம், இன்னும் கடினம். இந்த மரங்களுக்கு, சூடு தாங்கும் ஹைஸ்பீட் ஸ்டீல் இல்லாமல் ஆகாது. பிளைவுட்டிலும், மரநாரை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையிலும் பசை கூர்மையைக் கெடுக்கும் என்பதால் 35 மி.மீ. பிட்டை மட்டும், எஃகைவிடக் கடினமான கார்பைடு முனையோடு வாங்குங்கள். செலவு அங்கே போவதுதான் சரி. 25 மி.மீ.க்கு மேல் ரம்பப் பல் விளிம்பு நல்லது. முழு விளிம்பு வழுவழுப்பாக வெட்டும், ஆனால் உராய்வு அதிகம், சீக்கிரம் கருகும்.

இன்னொரு சிக்கல் நம் ஊருக்கே உரியது. இங்கே மரக்கணக்கு அங்குலத்தில், பிட் மில்லிமீட்டரில். ஓர் அங்குல உருண்டைக் கழி 25.4 மி.மீ.; 25 மி.மீ. குழிக்குள் அது இறங்காது, அடித்து இறக்கினால் பலகை வெடிக்கும். கழியை முதலில் அளந்துவிட்டு பிட் வாங்குங்கள்.

வேகத்தில்தான் பெரும்பாலான பிட்டுகள் சாகின்றன. பைன் மாதிரி மென்மரத்தில் 25 மி.மீ. வரை நிமிடத்துக்கு 1500 சுற்றில் ஓட்டலாம். தேக்கிலும் படவுக் என்ற கடின மரத்திலும் அதே பிட்டுக்கு 500 போதும், 35 மி.மீ. என்றால் 250. ஏன் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 35 மி.மீ. பிட் 3000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு நிமிடத்துக்கு 330 மீட்டர் மரத்தில் தேய்கிறது. புகை வராமல் என்ன செய்யும்? வேகத்தைக் குறைத்து, அழுத்தத்தைக் கூட்டுங்கள். சீவல் சுருளாக வந்தால் சரி. மாவாக வந்தால் பிட் வெட்டவில்லை, தேய்க்கிறது. 5 மி.மீ. இறங்கியதும் வெளியே எடுத்துச் சீவலைத் தட்டிவிடுங்கள். உள்ளே அடைந்த சீவல்தான் சூட்டைப் பூட்டி வைக்கிறது. மறுபக்கம் துளைத்துப் போவதானால் அடியில் கழிவுப் பலகை வைத்து இறுகப் பிடியுங்கள்.

பெரிய பிட்டைக் கை டிரில்லில் போட்டால் மணிக்கட்டைத் திருகிவிடும். டிரில் ஸ்டாண்டாவது வேண்டும், மரத்தைக் கிளாம்ப் போட்டே வேலை. திருகின் தலையைப் புதைக்கும் குழியானால் பெரியதை முதலில், சிறியதைப் பிறகு போடுங்கள். சிறு துளையை முந்திப் போட்டால் பெரிய பிட்டின் முனைக்கு ஊன்ற இடமே இருக்காது.

அலமாரிக் கதவுக்குள் வட்டக் குழியில் புதையும் கப் கீலுக்கு 35 மி.மீ. குழி, ஆழம் 12 முதல் 13 மி.மீ. வரை. குழியின் நடு, கதவு ஓரத்திலிருந்து சுமார் 22 மி.மீ.; கீலோடு வரும் அளவுத்தாளைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். 18 மி.மீ. பலகையில் மிச்சம் 5, 6 மி.மீ.தான். மலிவு பிட்டுகளின் நடுமுனை பெரும்பாலும் நீளமாக இருப்பதால், கதவின் முகப்பில் ஊசிக்குத்துப் போலப் புடைப்பு விழும். முனையை 3 மி.மீ. நீளம் மட்டும் மிஞ்சும்படி அரத்தால் தேய்த்துக் குறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

தீட்டுவது கஷ்டமில்லை. தட்டையான சிறு வைர அரத்தால் வெட்டுப் பற்களின் உள்முகத்தை, இரண்டுக்கும் ஒரே எண்ணிக்கையில் இழுங்கள். விளிம்பை உட்புறமாக மட்டும் உருண்டைக் கல்லால் தொடலாம். வெளிப்புறத்தை ஒருபோதும் தொடக்கூடாது. பிட்டின் அளவே குறைந்து, குழிக்குள் சிக்கத் தொடங்கும். தேக்கெண்ணெயும் பிசினும் ஒட்டிக் கறுத்த பிட்டை மழுங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு ராத்திரி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல்துலக்கும் பிரஷால் தேய்த்த பிறகு கூர்மையைப் பாருங்கள்.