நடுக்கம் நின்றது, நாக்குக் குழறியது
பெருந்துறைப் பக்கம் மஞ்சள் விளைவிக்கும் எங்கள் அப்பாருக்குப் பார்க்கின்சன் நோய்க்காக மூளையின் ஆழத்தில் மின்முனைகள் பொருத்தி ஓராண்டாகிறது. காபி டம்ளர் இப்போது அவர் கையில் தளும்புவதில்லை, ஆனால் "வா சாமி" என்று அழைப்பது குழைந்து வருகிறது. 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில் நரம்பு அறுவை மருத்துவர் பெனாபிட் தொடங்கி வைத்த இச்சிகிச்சையில், நொடிக்குச் சுமார் 130 முறை துடிக்கும் மின்தூண்டல் இலக்கைத் தாண்டி, முகத்தையும் நாக்கையும் இயக்கும் அருகிலுள்ள நரம்பிழைகளுக்குப் பரவினால் உச்சரிப்பு கெடும்.

சொல்லைத் தேடி எடுக்கும் வேகம் குறைவது வேறு சங்கதி. ஒரு நிமிடத்தில் 'ம'வில் தொடங்கும் சொற்களைக் கேட்டபோது மஞ்சள், மாடு, மம்பட்டி என்றவர் அதோடு நின்றுவிட்டார் (மண்டியில் அவரைப் பேச்சில் வென்றவர் கிடையாது). மருத்துவர் மின்தூண்டலின் அளவைச் சற்றுக் குறைத்ததும் குழறல் தெளிந்தது. விரல் நடுக்கம் கொஞ்சம் திரும்பியது. அப்பாரு யோசிக்காமல், "பேச்சே இருக்கட்டுங்க" என்றார்.