பிரிந்த தேதிதான் கணக்கு

தண்டையார்பேட்டையில் அம்மா வீட்டில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். 2025 நவம்பரில் விவாகரத்துத் தீர்ப்பு வந்துவிட்டது. ஜெர்மனியில் என் சொந்த வேலையை வைத்து வாங்கிய குடியிருப்பு அட்டையும் கையில் இருக்கிறது. ஆனால் 2024-இல் பல ராத்திரிகள் தூங்காமல், கல்யாணம் முறிந்தால் விசா என்ன ஆகும் என்று தெரியாமல் தவித்திருக்கிறேன். அன்றைக்கு யாராவது தமிழில் விளக்கமாகச் சொல்லியிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

எங்களுக்கு 2021 பிப்ரவரியில் பழைய வண்ணாரப்பேட்டையில் கல்யாணம் நடந்தது. அவர் அப்போதே ஜெர்மனியில் நீல அட்டையில், அதாவது பட்டம் படித்த வெளிநாட்டவருக்குத் தரும் வேலை அனுமதியில், வேலை பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வாரத்தில் கிளம்பிப் போய்விட்டார். எனக்கு விசா வரும்வரை கொளத்தூரில் மாமியார் வீட்டில் இருந்தேன். நவம்பரில்தான் ஜெர்மனி போய்ச் சேர்ந்தேன். மனைவி என்ற முறையில் தரும் அனுமதி அது. அட்டையில் 30 என்று சட்டப்பிரிவு எண் போட்டிருக்கும். அதை வைத்து எந்த வேலையும் பார்க்கலாம். நான் வேதிப் பொறியியல் படித்து, மணலியில் ஒரு ஆலையின் ஆய்வகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்தவள். அங்கே போய் ஒரு கிடங்கில் பகுதி நேரமாகப் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தேன்.

ஏன் பிரிந்தோம் என்பதை எழுத எனக்கு விருப்பமில்லை. அடி உதை கிடையாது. சேர்ந்து வாழ முடியவில்லை, அவ்வளவுதான். 2024 மார்ச்சில் இரண்டு பெட்டியோடு வேறு ஒரு வீட்டில் ஒரு அறைக்கு மாறினேன். கிளம்பும்போது அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: "டைவர்ஸ் ஆன மறுநாளே உன்னை ஃபிளைட் ஏத்திடுவாங்க."

அதில் இரண்டு தப்பு இருந்தது. முதலாவது, புருஷன் நினைத்தால் மனைவியின் அனுமதியை ரத்து செய்ய முடியாது. அந்த அதிகாரம் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மட்டும்தான். அவர்களும் எழுத்தில் காரணம் சொல்லி, நம் பதிலைக் கேட்ட பிறகுதான் முடிவு எடுப்பார்கள். இரண்டாவது தப்பு எனக்குப் பாதகமானது. விவாகரத்து ஆகும் நாள்வரை நேரம் இருக்கிறது என்று நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. சேர்ந்து வாழ்வதை எந்த நாளில் நிறுத்தினோமோ, அந்த நாளிலேயே மனைவி என்ற அனுமதிக்கு ஆதாரம் போய்விடுகிறது. தீர்ப்பு இரண்டு வருடம் கழித்து வந்தாலும் அவர்கள் பார்ப்பது பிரிந்த தேதியைத்தான்.

அந்த நாட்டுக் குடியிருப்புச் சட்டத்தில் 31-வது பிரிவு இருக்கிறது. ஜெர்மனி மண்ணில் மூன்று வருடம் கணவன் மனைவியாகச் சேர்ந்து வாழ்ந்திருந்தால், பிரிந்த பிறகு சொந்த உரிமையில் ஒரு வருட அனுமதி கிடைக்கும். அந்த ஒரு வருடத்துக்கு அரசு உதவித்தொகை வாங்கினாலும் தடை இல்லை. அதற்குப் பிறகு நம் செலவை நாமே பார்த்துக்கொள்கிறோம் என்று காட்ட வேண்டும். 2011-க்கு முன்னால் இரண்டு வருடமே போதுமாக இருந்ததாம். கல்யாணமாகி மூன்று வருடம் தாண்டிவிட்டதே என்று நான் தெம்பாக இருந்தேன். ஆனால் கொளத்தூரில் இருந்த ஒன்பது மாதம் கணக்கில் வராது. நவம்பரிலிருந்து மார்ச் வரை எண்ணினால் இரண்டு வருடம் நாலு மாதம். எட்டு மாதம் குறைந்தது.

இதற்கு விதிவிலக்கு உண்டு. வீட்டில் வன்முறை இருந்தால், மூன்று வருடம் ஆகவில்லை என்றாலும் கடும் இன்னல் என்ற அடிப்படையில் சொந்த அனுமதி கேட்கலாம். விசா போய்விடுமே என்று அடி வாங்கிக்கொண்டு நாள் எண்ணும் பெண்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே 116016 என்ற எண் பெண்களுக்கான உதவி எண். இருபத்து நாலு மணி நேரமும் இலவசம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவரிடம் காட்டிய சீட்டு, போலீசில் கொடுத்த புகார், எதையும் தூக்கிப் போடாதீர்கள்.

எனக்கு அது பொருந்தாது. அப்போது தெரிந்தவர்கள் பலர் சொன்ன யோசனை, "எட்டு மாசம்தானே, பேருக்கு அதே முகவரியில் இரு" என்பது. நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். கேட்காமல் இருந்தது என் அதிர்ஷ்டம். அனுமதிக்காகப் பொய்த் தகவல் கொடுப்பது அங்கே கிரிமினல் குற்றம், மூன்று வருடம் வரை சிறைத் தண்டனை இருக்கிறது. போதாததற்கு, ஒரே கூரைக்குக் கீழே தனித்தனியாக வாழ்ந்தாலும் அதைப் பிரிவு என்றுதான் சட்டம் சொல்கிறது.

வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் பதிய வேண்டும். பதிந்தேன், பிரிந்துவிட்டோம் என்று வெளிநாட்டவர் அலுவலகத்துக்கும் நானே எழுதினேன். ஏப்ரலில் மூன்று வார விடுப்பில் ஊருக்கு வந்தேன். அம்மா காசிமேட்டிலிருந்து நெத்திலி வாங்கிவந்து வறுத்து வைத்துவிட்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அங்க போய்த் தனியாக் கிடந்து கஷ்டப்பட வேணாம்மா. கேஸ் முடியிற வரைக்கும் இங்கயே இரு" என்றார். அத்தையும் அதையேதான் சொன்னார். எனக்கும் சரி என்றுதான் தோன்றியது. ஆனால் ஜெர்மனியை விட்டு வெளியே பொதுவாக ஆறு மாதத்துக்கு மேல், நீல அட்டைக்காரரின் மனைவி என்ற அனுமதி என்றால் பன்னிரண்டு மாதத்துக்கு மேல், தங்கிவிட்டால் அனுமதி தானாகவே செத்துவிடும், அதற்குத் தனியாக உத்தரவு கூட வராது. இதைச் சொன்னதும் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அப்பா எதுவும் பேசவில்லை. எழுந்து போய் தினசரி காலண்டரில் நான் இறங்கிய தேதியைத் தேடி, கிழித்த தாள்களுக்குள்ளிருந்து எடுத்து, பின்பக்கம் நாள் எண்ணிக்கையை எழுதி வைத்தார். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை நான் வரும்போதும் அப்படி எழுதுகிறார்.

திரும்பிப் போன இரண்டாவது வாரம் மஞ்சள் உறையில் கடிதம் வந்தது. அங்கே மஞ்சள் உறை வந்தாலே அதிகாரபூர்வமான விஷயம். தபால்காரர் உறையின் முன்பக்கத்தில் கொடுத்த தேதியைப் பேனாவில் எழுதிவிட்டுப் போவார். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும், அதனால் உறையையும் பத்திரப்படுத்த வேண்டும். அனுமதிக் காலத்தைக் குறைக்கப்போகிறோம், உங்கள் பக்கத்தைச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தது. எனக்குக் கை நடுங்கியது. நாலு தடவை படித்த பிறகுதான் "குறைத்துவிட்டோம்" என்று இல்லை, "குறைக்க எண்ணுகிறோம்" என்றுதான் இருக்கிறது என்பது புரிந்தது.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இலவச ஆலோசனை தரும் மையங்கள் அங்கே பல ஊர்களில் உண்டு. காரித்தாஸ், டியாகோனி போன்ற தொண்டு அமைப்புகள் நடத்துகின்றன. அங்கே ஒரு அம்மா ஒரு மணி நேரம் உட்கார்ந்து என் தாள்களை எல்லாம் வரிசைப்படுத்தினார். வருமானம் குறைவு என்பதால் உள்ளூர் நீதிமன்றத்தில் ஒரு சீட்டு வாங்கச் சொன்னார். அதைக் காட்டினால் வக்கீலுக்கு நாம் கொடுப்பது வெறும் 15 யூரோ. அந்த வக்கீல்தான் எனக்கு வழி காட்டினார்: "31-ஐ விடுங்கள். உங்களிடம் பட்டம் இருக்கிறது. 18பி பாருங்கள்."

18பி என்பது பட்டம் படித்த திறன் பணியாளர்களுக்கான அனுமதி. பட்டம் அங்கே ஏற்கப்பட்டதாக இருக்க வேண்டும், கையில் ஒரு தகுதியான வேலை ஒப்பந்தமும் இருக்க வேண்டும். பட்டத்துக்கு அனபின் என்ற தரவுத்தளத்தில் நம் பல்கலைக்கழகத்தையும் படிப்பையும் பார்க்கலாம். அண்ணா பல்கலைக்கழகப் பட்டம் என்பதால் எனக்கு அது சுலபமாக முடிந்தது. வேலைதான் பெரும்பாடு. வக்கீல் கடிதத்துக்குப் பதில் போட்டு, வேலை தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அவகாசம் வாங்கித் தந்தார். பகலில் கிடங்கு, ராத்திரி விண்ணப்பம். மணலியில் பார்த்த ஆய்வக வேலை அனுபவம்தான் கடைசியில் கைகொடுத்தது. ஜூலையில் தரக் கட்டுப்பாட்டு ஆய்வகம் ஒன்றில் ஒப்பந்தம் கையெழுத்தானது.

பழைய அட்டை காலாவதி ஆவதற்கு முன்பே புதிய அனுமதிக்கு விண்ணப்பித்தேன். இது ரொம்ப முக்கியம். அப்படி விண்ணப்பித்தால் முடிவு வரும்வரை பழைய அனுமதியே தொடரும். அதற்கு ஒரு இடைக்காலத் தாள் தருவார்கள். உள்ளே மூன்று கட்டங்கள் இருக்கும், நமக்கு எதில் குறி போட்டிருக்கிறது என்று அங்கேயே நின்று பாருங்கள். பழைய அனுமதி தொடர்கிறது என்ற மூன்றாவது கட்டம் என்றால்தான் ஊருக்குப் போய்த் திரும்பி வர முடியும்.

அக்டோபரில் புதிய அட்டை வந்தது. இதில் ஒரு இழப்பும் இருக்கிறது. முன்பு எந்த வேலையும் பார்க்கலாம், இப்போது கூடவே ஒரு தாள் வருகிறது, அதில் நிறுவனத்தின் பெயரும் வேலையும் அச்சாகியிருக்கிறது. ஆனாலும் 18பி-யில் மூன்று வருடம் ஓட்டி, மொழித் தேர்விலும் தேறினால் நிரந்தரக் குடியிருப்பு கேட்கலாம். இந்தக் கணக்கு முழுக்க என்னுடையது.

விவாகரத்தை ஜெர்மனியிலேயே முடித்துவிடலாம் என்றார் கணவர். லிங்கிச் செட்டித் தெருவில் நாங்கள் பார்த்த வக்கீல் வேண்டாம் என்றார். இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக வெளிநாட்டு நீதிமன்றம் தரும் விவாகரத்து இங்கே செல்லாமல் போகலாம், 1991-லேயே உச்ச நீதிமன்றம் அப்படித் தீர்ப்பளித்திருக்கிறது என்று விளக்கினார். இங்கே ஒருத்தனுக்கு மனைவியாகவும் அங்கே தனியாளாகவும் இருக்கும் நிலை யாருக்கும் வரக்கூடாது. பரஸ்பர சம்மதத்துக்கு ஒரு வருடம் பிரிந்திருக்க வேண்டும். அதனால் 2025 ஏப்ரலில் மனு போட்டோம், ஆறு மாதம் காத்திருந்து நவம்பரில் முடிந்தது. இரண்டு தடவையும் விடுப்பெடுத்து வந்தேன். தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் நாலாவது ஸ்டேஷன் உயர் நீதிமன்றம். அந்த வளாகத்திலேயே குடும்ப நீதிமன்றம். அம்மா தயிர்சாதம் கட்டிக்கொண்டு வந்து, நடையில் பெஞ்சில் உட்கார்ந்து, மடியில் டிபன் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். உள்ளே ஐந்து நிமிடம்தான். சம்மதமா என்று கேட்டார்கள், சம்மதம் என்றோம்.

இருவரும் இந்தியக் குடிமக்கள், தீர்ப்பும் இந்திய நீதிமன்றத்தினுடையது என்பதால் ஜெர்மனியில் அதற்குத் தனி அங்கீகாரம் தேவைப்படவில்லை. மொழிபெயர்த்து நகர அலுவலகத்தில் கொடுத்துப் பதிவை மாற்றினால் போதும்.

இப்போது பாஸ்போர்ட் மட்டும் பாக்கி. அதன் கடைசிப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறது. தீர்ப்பு நகலை இணைத்துப் புதிய பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வந்ததும் அந்த எண்ணைக் கொண்டுபோய் அங்கே அட்டையையும் மாற்ற வேண்டும். அப்பாவின் காலண்டர் தாளில் இன்றைக்குப் பதினொன்றாம் நாள்.