000-18ஆ, ஓஎம்-28ஆ? மார்ட்டின் கிட்டார் தேர்ந்தெடுத்த அனுபவம்

ஆயுசுக்கும் இது போதும் என்று சொல்லும்படி ஒரு நல்ல அகூஸ்டிக் கிட்டார் வாங்குவது என்று இந்த வருடம் முடிவெடுத்தேன். நியூ ஜெர்சியில் இருப்பதில் ஒரு வசதி உண்டு. மார்ட்டின் கம்பெனி இருக்கும் நாசரேத், டெலவேர் ஆற்றைத் தாண்டி பென்சில்வேனியாவுக்குள் போனால் கொஞ்ச தூரம்தான். அங்கே அருங்காட்சியகத்தை ஒட்டி, வருகிறவர்கள் எடுத்து வாசித்துப் பார்க்கவே கிட்டார்கள் வைத்திருக்கிறார்கள். எங்கள் பக்கத்துக் கடைகளிலும் டெய்லர், கிப்சன், மார்ட்டின் எல்லாம் கைக்குக் கிடைக்கின்றன. அதனால் வீடியோ பார்த்து முடிவெடுக்காமல், வாசித்துப் பார்த்தே வாங்க முடிந்தது.

கடைக்குப் போகும் முன் என் தேவையை எழுதி வைத்துக்கொண்டேன். வீட்டில் மனைவி பாடுவார், நான் கூட வாசிப்பேன். அவருக்கு ஐந்து கட்டை சுருதி, அதாவது ஜி. ஆகவே மூன்றாம் ஃப்ரெட்டில் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கட்டு) கேப்போ (எல்லாத் தந்திகளையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு, ஈ மைனர், ஈ மேஜர் பிடிகளில்தான் என் கை பெரும்பாலும் ஓடும். பிக் (தந்தியை மீட்டும் சிறு தகடு) குறைவு, விரல்தான் அதிகம். பாட்டுக்கு நடுவே கீரவாணி மாதிரி ஒரு ராகத்தைக் கொஞ்சம் இழுத்து வாசிக்கவும் வேண்டும். எந்தக் கிட்டாரை எடுத்தாலும் இதே வேலையைக் கொடுத்துப் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன். கடையில் எல்லாரும் செய்வதுபோல ஒரு ஜி கார்டை ஓங்கித் தட்டிப் பார்த்தால் எல்லாக் கிட்டாரும் நன்றாகத்தான் இருக்கும்.

முதல் சுற்றில் மூன்று கழிந்தன. டெய்லர் 814சிஇ ரொம்ப சுத்தமான ஒலி, கழுத்து அவ்வளவு சுகம். போல்ட் போட்டு இணைத்த கழுத்து என்பதால் பிற்காலத்தில் கோணத்தைச் சரிசெய்வதும் சுலபம். ஆனால் நான் நகத்தால் மீட்டியபோது தந்திகள் கூர்மையாகக் கேட்டன. கிப்சன் ஜே-45, 1942-லிருந்து வரும் மாடல், தட்டி வாசித்துக்கொண்டு பாடுகிறவர்களுக்கு அருமை. விரலால் வாசித்தபோது நான் தேடிய தெளிவு வரவில்லை. மார்ட்டின் டி-28 வாசித்தபோது அறையே நிறைந்தது. அதுதான் எனக்குச் சிக்கலும். ட்ரெட்நாட் என்னும் பெரிய உடம்பு, ஆழம் 4 7/8 அங்குலம். என் வலது தோள் தூக்கியபடியே இருக்க வேண்டியிருந்தது. பேஸ் தந்திகள் குரலுக்கு அடியில் வந்து உட்கார்ந்துகொண்டன.

அப்புறம்தான் விஷயம் சுவாரசியமானது. மார்ட்டினில் ஓஎம் (ஆர்கெஸ்ட்ரா மாடல்), 000 (டிரிபிள் ஓ என்பார்கள்) என்று இரண்டு வகை உண்டு. பார்வைக்கு ஒன்றேதான்: கீழ் அகலம் 15 அங்குலம், ஆழம் 4 1/8 அங்குலம், உடம்புக்கு வெளியே 14 ஃப்ரெட். வித்தியாசம் தந்தி நீளத்தில். ஓஎம் 25.4 அங்குலம், 000 24.9 அங்குலம். 1929-இல் அட்லாண்டாவைச் சேர்ந்த பான்ஜோ கலைஞர் பெரி பெக்டெல் நீளமான கழுத்துக் கேட்டதில் பிறந்தது ஓஎம். சில வருடங்களில் அந்தப் பெயரை விட்டுவிட்டு, 1934-இல் அதே உடம்பில் தந்தி நீளத்தைக் குறைத்து 000 என்று செய்தார்கள். ஓஎம் பல பத்தாண்டுகள் கழித்துத்தான் திரும்பி வந்தது.

அரை அங்குலத்தில் என்ன வந்துவிடும் என்று தோன்றலாம். ஒரே தந்தியை ஒரே சுருதிக்கு ஏற்றினால், இழுவிசை நீளத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் 000-இல் சுமார் 4 சதவீதம் குறைவு. கையில் அதைவிட அதிகமாகவே தெரிகிறது. நான் சோதித்தது ஒரே ஒரு இடம். இரண்டாம் தந்தி, கேப்போவிலிருந்து எட்டாவது ஃப்ரெட், கீரவாணியின் காந்தாரம். அதைப் பிடித்துத் தந்தியை மேலே தள்ளி மத்தியமம்வரை, அதாவது இரண்டு ஃப்ரெட் தூரம், போய்த் திரும்ப வேண்டும். ஓஎம்-28-இல் மத்தியமத்தைத் தொடும் முன்பே மோதிர விரல் தளர்ந்து, சுருதி சற்றுக் கீழே நின்றது. 000-28-இல் போய்ச் சேர்ந்தது, அங்கே அசைத்து நிறுத்தவும் முடிந்தது. மற்ற எல்லாவற்றிலும் ஓஎம் ஒரு படி மேலே என்றுகூடச் சொல்வேன். கடைசி அறையில் இருக்கிறவருக்கும் ஒவ்வொரு சுரமும் தெளிவாகப் போய்ச்சேரும். மேடையில் விரலால் தனியாக வாசிக்கிறவர் யோசிக்காமல் ஓஎம் வாங்கலாம். எனக்குக் கமகம் முக்கியம்.

சரி, 000 என்று முடிவாயிற்று. அடுத்தது மரம். 28 என்றால் பின்புறமும் பக்கங்களும் ரோஸ்வுட், 18 என்றால் மஹோகனி. முன்பலகை இரண்டிலும் சிட்கா ஸ்ப்ரூஸ்.

இங்கே மனசு ஒரு பக்கம் சாய்ந்தது உண்மை. அந்த ரோஸ்வுட் நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரி, வயநாடு பக்கம் விளைவது. மார்ட்டின் முதலில் பிரேசில் ரோஸ்வுட்தான் பயன்படுத்தினார்கள். அது கிடைப்பது கடினமாகி, 1969-வாக்கில் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறினார்கள். பிரேசில் மரத்துக்கு 1992-இல் உலக வணிகமே அடைபட்டது. 2017-இல் ரோஸ்வுட் இனம் முழுவதுக்கும் கட்டுப்பாடு வந்து, கிட்டாரை எல்லை தாண்டி அனுப்பவே தாள் கேட்டார்கள். செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019 இறுதியில் விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் அந்த விலக்கு பிரேசில் மரத்துக்கு இல்லை. பழைய கிட்டார் வாங்கி ஊருக்கு எடுத்துப்போக நினைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 000-28-இன் ஒலித்துளைக்குள் முகர்ந்து பார்த்தேன். லேசான இனிப்பு கலந்த அந்த வாசனை ஒன்றே வாங்கச் சொல்லும்.

இரண்டிலும் ஒரே புதுத் தந்தி போடச் சொன்னேன். செட்டை நானே வாங்கிக் கொடுத்தேன், பாஸ்பர் பிரான்ஸ் சுற்றியது, 12 கேஜ் (முதல் தந்தி .012 அங்குலத் தடிமன்). கடையில் தொங்கும் கிட்டாரில் தந்தி எத்தனை மாதப் பழசு என்று தெரியாது. அதை வைத்து மரத்தை எடைபோடுவது நியாயமில்லை. ஆக்‌ஷனையும் அளந்தேன். அதாவது ஃப்ரெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரம். 12-வது ஃப்ரெட்டில் ஆறாம் தந்திக்கு 000-18-இல் கிட்டத்தட்ட 3 மில்லிமீட்டர் இருந்தது. 2.4 ஆக்கித் தந்த பிறகு அது வேறு கிட்டார். அதற்கு முன் வாசித்துவிட்டு "கை வலிக்கிறது" என்று வைத்துவிட்டுப் போகிறவர்கள் எத்தனையோ பேர் இருப்பார்கள்.

மனைவியை முதுகு காட்டி உட்காரச் சொல்லி, எது எது என்று சொல்லாமல் மாற்றி மாற்றி வாசித்தேன். வெறுமனே கேட்டபோது அவருக்கு 28-தான் பிடித்தது. தம்புரா மாதிரி சுற்றிலும் கார்வை நிற்கிறது என்றார். எனக்கும் அப்படித்தான். பிறகு பாடச் சொன்னேன். நாலு வரி போனதும் நிறுத்திவிட்டார். "நல்லாத்தாங்க இருக்கு. ஆனா நான் பாடுறப்ப அதுவும் கூடவே பாடுது. அந்த இன்னொண்ணு எனக்கு இடம் விடுது." இன்னொன்று 000-18. மஹோகனியில் சுரம் பிறந்ததும் கார்வை சீக்கிரம் அடங்குகிறது. அந்த இடைவெளியில் குரல் நிற்கிறது. தனியாக வாசித்தால் குறையாகப் படக்கூடிய அதே குணம், பாட்டோடு சேர்ந்தால் பலம். விலையும் 28-ஐவிடக் குறைவு. 000-18-ஐ வாங்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை ஈரப்பதமானி. இந்த மரங்களுக்கு 45 முதல் 55 சதவீத ஈரப்பதம் வேண்டும். இங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடினால் அறை அதற்கு மிகக் கீழே போய்விடும். கழுத்தின் விரல்பலகை சுருங்கி, ஃப்ரெட் முனைகள் கழுத்தோரம் விரலில் குத்தும். முற்றினால் முன்பலகையே வெடிக்கும். ஆகவே வாசித்து முடித்ததும் பெட்டிக்குள்தான், கூடவே ஈரம் விடுகிற பொதிகள். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாடு நேர்மாறு. ஈரத்தில் முன்பலகை உப்பி, பிரிட்ஜ் (முன்பலகையில் தந்திகள் கட்டியிருக்கும் மரக்கட்டை) உயர்ந்து, ஆக்‌ஷன் ஏறிவிடும். ஆக்‌ஷன் ஏறியதும் சேடிலை (பிரிட்ஜில் தந்திகள் ஏறி உட்காரும் சிறு துண்டு) தேய்த்துவிடாமல், முதலில் ஈரத்தைச் சரிசெய்து பாருங்கள்.

இப்போது தந்தி சோதனை நடக்கிறது. 11 கேஜ் செட்டில் இரண்டாம் தந்தி .015, அதனால் காந்தாரம் இன்னும் சுலபமாக ஏறுகிறது. ஆனால் முன்பலகை முழுதாக விழித்துக்கொள்ளவில்லை, பேஸ் மெலிந்துவிட்டது. இப்போதைக்கு 12 செட்டையே போட்டு, இரண்டாம் தந்தியை மட்டும் .015 ஆக மாற்றி வைத்திருக்கிறேன். அடுத்து 80/20 பிரான்ஸ் (வேறு உலோகக் கலவை) செட் ஒன்றைப் போட்டு, மறுபடி மனைவியைப் பாடச் சொல்லிப் பார்க்க வேண்டும்.